டெஸ்க்டாப்பில் ரேம் தகராறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

ரேமில் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் அதை நேராகச் சொல்லாது. விளையாடிக்கொண்டிருக்கும் கேம் தானாக மூடிக்கொள்ளும். குரோமில் ஒரு டேப் செத்துப்போகும். ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற செய்தி) வரும். நீலத் திரை வரும், அதிலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர். இதையெல்லாம் தனித்தனிக் கோளாறு என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றி, கிராபிக்ஸ் டிரைவரை மாற்றி, எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டு வாரக்கணக்கில் அலைபவர்கள் நிறைய.

இந்தக் குறிப்பு வீட்டிலேயே அசெம்பிள் செய்த மெஷின்களுக்கானது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் மெஷினில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் எல்லோருக்கும் பொது.

## முதலில் எக்ஸ்எம்பியை அணையுங்கள்

ரேம் பெட்டி மேல் 6000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வேகம் தானாக வராது. பயாஸில் எக்ஸ்எம்பி (இன்டெல்), எக்ஸ்போ (ஏஎம்டி) என்ற புரொஃபைலை நாம் ஆன் செய்தால்தான் வரும். ஆன் செய்யாதவரை ரேம் ஜெடெக் (ரேமுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரப்படி ஓடும்: டிடிஆர்4 என்றால் 1.2 வோல்டில் 2133 முதல் 3200 வரை, டிடிஆர்5 என்றால் 1.1 வோல்டில் பெரும்பாலும் 4800 அல்லது 5600. புரொஃபைலைப் போட்டதும் வோல்டேஜ் 1.35 பக்கம் ஏறும், டைமிங் (ரேம் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் இடைவெளி) இறுகும்.

இது ஓவர்கிளாக்தான். 6000-ல் ஓடும் என்று ரேம் கம்பெனி உறுதி கொடுப்பது ஸ்டிக்குக்கு மட்டும். அந்த வேகத்தைத் தாங்கவேண்டிய இன்னொரு பாகம் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். அதற்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சமே 5200தான், அதுவும் 2 ஸ்டிக் போட்டால். அதனால் "ரேம் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஸ்டிக்குகளில் பல, வேறு போர்டில் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

பயாஸில் லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இப்போதிருக்கும் செட்டிங் பக்கங்களை போனில் படம் எடுத்து வையுங்கள். ரெய்டு, பூட் வரிசை, டிபிஎம் எல்லாம் அதோடு சேர்ந்து மாறிவிடலாம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரேம் பிரச்சினை டேட்டா பிரச்சினையாகிவிடும்.

டிஃபால்ட்டில் மெஷினை ஓரிரு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். கோளாறு நின்றுவிட்டால் பிழை செட்டிங்கில் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் ஸ்டிக், ஸ்லாட், சாக்கெட், பிராசஸர் என்று பொருளிலேயே இருக்கிறது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் வோல்டேஜை ஏற்றுவதும் ஸ்டிக்கை மாற்றுவதும் வீண் வேலை.

## ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

டிடிஆர்5 மெஷின், இப்போதுதான் முதல் முறையாகப் பவர் கொடுக்கிறீர்கள் என்றால் பேசாமல் காத்திருங்கள். ரேமும் கன்ட்ரோலரும் ஒன்றையொன்று அளந்து பார்த்து ஒத்துப்போக நேரம் எடுக்கும். மெமரி டிரெயினிங் என்று சொல்வது இதைத்தான். ஏஎம்5 (ரைசன் 7000 முதல் வரும் ஏஎம்டி சாக்கெட்) போர்டுகளில் இது சில நிமிடம் பிடிக்கும், பெரிய அளவில் 4 ஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் நீளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், போர்டில் டிரேம் என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பயந்துபோய் நடுவில் பவரை அணைத்தால் டிரெயினிங் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் கழித்தும் விளக்கு அப்படியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்போது பவரை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். 4 ஸ்லாட் உள்ள போர்டுகளில் அது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. அழுத்தும்போது கிளிப் தானாக மூடிச் சத்தம் கேட்கவேண்டும். இப்போது வரும் போர்டுகளில் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருப்பதால் மறுபக்கம் உள்ளே இறங்காமலே சரியாக உட்கார்ந்ததுபோல் தெரியும். ஸ்லாட் விளிம்போடு ஸ்டிக் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சிமாஸை (பயாஸ் செட்டிங் சேமித்திருக்கும் இடம்) கிளியர் செய்யுங்கள்: சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

ரப்பர் விஷயமும் இங்கேதான் வரும். நம்மூர் சர்வீஸ் கடைகளில் ஸ்டிக்கை எடுத்ததும் முதல் காரியமாகப் பென்சில் ரப்பரால் தங்கக்காலைத் தேய்ப்பார்கள். கடற்கரை ஊர் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பழைய மெஷினுக்கு அது பலன் தரும். நேற்று வாங்கிய ஸ்டிக்குக்கு அது தேவையே இல்லை. தேய்த்ததால் சரியானது என்று நினைப்பது பல நேரம் கழற்றி மாட்டியதால் சரியானதுதான்.

## போட்டதில் பாதி ரேம்தான் தெரிகிறது

32 போட்டு 16 காட்டினால் முதலில் பயாஸில் பாருங்கள். பயாஸில் 32 தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் எம்எஸ்கான்ஃபிகில் பூட் பகுதியில் மேக்சிமம் மெமரி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். ஒரு ஜிபி, அரை ஜிபி குறைவது கோளாறே இல்லை. பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு அது.

பயாஸிலேயே பாதி என்றால் ஒரு ஸ்டிக்கோ, ஒரு சேனலோ (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள ஒரு பாதை) முழுசாகத் தெரியவில்லை. ஸ்டிக்குகளை இடம் மாற்றிப் பாருங்கள். காணாமல்போவது ஸ்டிக்கோடு சேர்ந்து இடம் மாறினால் ஸ்டிக். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்தான் தெரியவில்லை என்றால், ஸ்லாட்டைவிட பிராசஸர் சாக்கெட்மேல்தான் எனக்குச் சந்தேகம். எல்ஜிஏ சாக்கெட்டில் (பின்கள் போர்டிலேயே இருக்கும் வகை) ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு மெமரி சேனல் போய்விடும். கூலரின் ஸ்க்ரூக்களை ஒரு மூலையில் மட்டும் அதிகமாக முறுக்கினாலும் அதே விளைவு. கூலரைக் கழற்றி, பிராசஸரை எடுத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பின் வரிசைகளைப் பாருங்கள். வெளிச்சம் படும்போது எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்னும், வளைந்தது மட்டும் வேறு திசையில் மின்னும்.

## டிஃபால்ட்டில் நன்றாக ஓடுகிறது, எக்ஸ்எம்பி போட்டால் கிராஷ்

அதிகம் வருவது இதுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த தடவை அதே தலைவலி.

பயாஸ் அப்டேட்டில் தொடங்குங்கள். ஏஎம்5, இன்டெல் 12-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய போர்டுகளில் மெமரி ஒத்துப்போவது அப்டேட்டுக்கு அப்டேட் நிறையவே தேறியிருக்கிறது. ஆனால் அப்டேட் செய்யும்போது எக்ஸ்எம்பி அணைந்திருக்க வேண்டும். தடுமாறும் ரேமை வைத்துக்கொண்டு பயாஸ் எழுதினால் போர்டே போய்விடும் ஆபத்து உண்டு.

அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் என் யோசனை ஒன்றுதான்: புரொஃபைலை அப்படியே வைத்துவிட்டு வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள். 6400 ஓடாவிட்டால் 6000, 6000 ஓடாவிட்டால் 5600, டிடிஆர்4-ல் 3600-க்குப் பதில் 3200. ஒருபடி இறங்கியது அன்றாட வேலையில் கண்ணுக்கே தெரியாது. ஃபோரத்தில் எவரோ 6400 ஓட்டுகிறார் என்பதற்காக நம் மெஷினும் ஓடவேண்டும் என்று இல்லை. ஒரே மாடல் பிராசஸரில்கூட ஒன்றின் கன்ட்ரோலர் தாங்குவதை இன்னொன்று தாங்காது. வேகத்தைச் சரிபார்க்க சிபியு-இசட் திறப்பவர்கள் அதில் 3000 என்று பார்த்துப் பதற வேண்டாம். டிடிஆர் ரேமில் அங்கே காட்டுவது பாதி எண். இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

வேகத்தை இறக்க மனம் வராதவர்களுக்கு வோல்டேஜ் வழி இருக்கிறது. ரேம் வோல்டேஜை 1.35-லிருந்து 1.38, அதிகம் போனால் 1.40 வரை ஏற்றிப் பார்க்கலாம். கமாண்ட் ரேட்டை (ரேமுக்குக் கட்டளை கொடுக்க எடுக்கும் கிளாக் சுற்று) 1டி-யிலிருந்து 2டி ஆக்கலாம். ரைசனில் எஸ்ஓசி வோல்டேஜ் என்று ஒன்று உண்டு, மெமரி கன்ட்ரோலர் அதில்தான் ஓடுகிறது. ஆட்டோவில் விட்டால் எக்ஸ்போ போட்டதும் போர்டு தன் இஷ்டத்துக்கு அதை ஏற்றும். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இதுதான். அதன் பிறகு 1.3 வோல்டுக்கு மேல் போகாதபடி பயாஸிலேயே பூட்டு போட்டார்கள். 1.2 முதல் 1.25-க்குள் நிலைக்கவில்லை என்றால் வோல்டேஜை விட்டுவிட்டு வேகத்தை இறக்குங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் இதற்குப் போதாது, அது பாஸ் என்று சொன்னதை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் மெம்டெஸ்ட்86-ம் இந்த வகைக் கோளாறில் ஏமாற்றலாம். அது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, பிராசஸரும் முழுப் பாரத்தில் இல்லை, கேபினெட் குளிர்ந்திருக்கிறது. அதனால் முதலில் யூஎஸ்பியில் மெம்டெஸ்ட். அது சுத்தமாக முடிந்த பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி, ராத்திரி முழுக்க. வரிசையை மாற்றாதீர்கள். மோசமாகத் தடுமாறும் ரேமில் விண்டோஸை ஓட்டிச் சோதித்தால் விண்டோஸ் ஃபைல்களே கெட்டுவிடும்.

## எக்ஸ்எம்பி அணைத்த பிறகும் நீலத் திரை

மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று பெயர் மாறி மாறி வருகிறதா? கெட்ட டிரைவர் என்றால் பெரும்பாலும் ஒரே பெயர், ஒரே ஃபைல் திரும்பத் திரும்ப வரும். தினம் ஒரு பெயர் என்றால் சந்தேகம் ரேம் பக்கம் சாய்கிறது.

மெம்டெஸ்ட்86-ஐ யூஎஸ்பியில் போட்டு, எல்லா ஸ்டிக்கையும் வைத்தே 4 பாஸ் ஓட்டுங்கள். 32 ஜிபி என்றால் பல மணி நேரம் பிடிக்கும், படுக்கப் போகும்போது போட்டுவிடலாம். விதி எளிது: எரர் பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒன்றுதானே வந்தது" என்ற சமாதானம் இங்கே செல்லாது. விதிவிலக்கு கடைசியில் வரும் ஹேமர் டெஸ்ட். அது ஒரே வரிசையை மறுபடி மறுபடி தட்டி அடுத்த வரிசை கெடுகிறதா என்று பார்ப்பது. அதில் மட்டும் எரர் வந்து மற்றதெல்லாம் சுத்தம் என்றால் கிராஷுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

எரர் வந்தால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடாதீர்கள். திரையில் எந்த முகவரி, என்ன எழுதியது, என்ன திரும்பி வந்தது என்று இருக்கும். எழுதியது 11111111, வந்தது 11101111 என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு பிட் விழுந்திருக்கிறது. மறுபடி ஓட்டும்போதும் அதே முகவரி, அதே பிட் என்றால் சிப்புக்குள் ஒரு செல் செத்துவிட்டது. எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. முகவரி தடவைக்குத் தடவை மாறி, விழும் பிட்டும் மாறினால் ஸ்டிக்கை உடனே குற்றம் சொல்லாதீர்கள். காரணம் வோல்டேஜாக, சரியாக உட்காராத காலாக, கன்ட்ரோலராக இருக்கலாம்.

அடுத்தது இடம் மாற்றும் சோதனை. முதல் ஸ்டிக்கைத் தனியாக ஏ2-வில் போட்டு ஓட்டுங்கள். பிறகு இரண்டாவதைத் தனியாக அதே ஏ2-வில். ஒன்று மட்டும் எரர் காட்டினால் விஷயம் முடிந்தது. இரண்டும் எரர் காட்டினால், இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். ஒன்றை பி2-வில் போட்டுப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஓடினால் ஏ2 ஸ்லாட் அல்லது அந்தச் சேனலுக்குப் போகும் சாக்கெட் பின். தனித்தனியாக இரண்டும் சுத்தம், சேர்த்துப் போட்டால் மட்டும் எரர் என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆறு மாத இடைவெளியில் தனித்தனியாக வாங்கிய ஸ்டிக்குகளில் இதைப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் ஒரே மாடல் எண் இருந்தாலும் உள்ளே ஒன்றில் ஹைனிக்ஸ் சிப், மற்றதில் சாம்சங் அல்லது மைக்ரான் சிப் இருக்கக்கூடும்.

ஸ்டிக்தான் என்று முடிவானால் எரர் திரையை போனில் படம் எடுத்து, பில்லோடு வாரன்டிக்குக் கொடுங்கள். ரேமுக்குப் பல கம்பெனிகள் லைஃப்டைம் வாரன்டி தருகின்றன. கிட்டாக வாங்கியிருந்தால் நல்ல ஸ்டிக்கையும் சேர்த்துக் கொடுப்பதுதான் சரி. கெட்டதை மட்டும் கொடுத்தால் வருவது வேறு சிப்போடு வரலாம், அப்புறம் முந்தைய பத்தியில் சொன்ன கதைதான்.

## காலையில் முதல் தடவை மட்டும் தகராறு, ரீஸ்டார்ட் செய்தால் சரி

இரவு முழுக்க அணைந்து கிடந்த மெஷின் காலையில் இரண்டு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகிப் பிறகு பிடிக்கிறது, அல்லது ஸ்லீப்பிலிருந்து எழும்போது உறைகிறது. நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இது டிரெயினிங் கோளாறு. ஏஎம்5 என்றால் பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிரெயினிங் முடிவையே எடுத்துக்கொண்டு சீக்கிரம் பூட் ஆக வைப்பது அதன் வேலை. விளிம்பில் ஓடும் ரேமுக்கு அந்தப் பழைய அளவு பொருந்தாமல் போகும். அணைத்துவிட்டால் பூட் ஆக அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடும், தகராறு நிற்கும். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாது என்றால், ஆன் செய்துகொண்டு கூடவே பவர் டவுன் மோடையும் ஆன் செய்து பாருங்கள்.

## மதியத்தில், அல்லது ஒரு மணி நேரம் கேம் ஆடிய பிறகு மட்டும்

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. கசிந்துகொண்டே இருக்கும், தீர்வதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4-ல் 64 மில்லிசெகண்டுக்குள், டிடிஆர்5-ல் 32 மில்லிசெகண்டுக்குள் ஒரு சுற்று நிரப்பி முடிக்க வேண்டும் என்பது சாதாரண வெப்பத்துக்கான கணக்கு. சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும்.

ஜெடெக் வேகத்தில் சிப்புகள் 85 டிகிரி வரை தாங்கும். டைமிங்கை இறுக்கிய புரொஃபைலில், அதிலும் டிரெஃபியை (இரண்டு நிரப்பலுக்கு நடுவே விடும் இடைவெளி) கையால் ஏற்றியவர்களுக்கு, 50-55 டிகிரியிலேயே எரர் தொடங்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி இல்லாத அறையே 38 டிகிரி இருக்கும்போது கேபினெட்டுக்குள் ரேம் அந்த எண்ணைத் தொடுவது சுலபம். டிடிஆர்5-ல் வோல்டேஜைச் சீர்செய்யும் சிப்பும் ஸ்டிக்கிலேயே உட்கார்ந்திருப்பதால் சூடு இன்னும் அதிகம்.

எச்டபிள்யூஇன்ஃபோவை (சூடு, வோல்டேஜ் காட்டும் மென்பொருள்) திறந்து வைத்துக்கொண்டு கேம் ஆடுங்கள், டிம் (ஸ்டிக்) டெம்பரேச்சர் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். டிடிஆர்5 ஸ்டிக் எல்லாவற்றிலும் சென்சார் உண்டு, டிடிஆர்4-ல் சிலவற்றில் மட்டும். பிறகு கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, டேபிள் ஃபேனை உள்ளே திருப்பிவிட்டு அதே கேமை ஆடுங்கள். கிராஷ் நின்றால் முடிவு தெரிந்துவிட்டது: ரேம் பக்கம் காற்று போக ஒரு ஃபேன், அல்லது டிரெஃபியை ஆட்டோவுக்குத் திருப்புவது.

## 2 ஸ்டிக்கில் ஓடியது, 4 ஆக்கியதும் தகராறு

ஓடாமல் இருப்பதுதான் இயல்பு. ரைசன் 7000-ல் 2 ஸ்டிக்குக்கு 5200 என்று சொல்லும் ஏஎம்டி, 4 ஸ்டிக்குக்கு 3600 என்றுதான் சொல்கிறது. இன்டெல் பக்கமும் 4 போட்டால் எண் இறங்கும். டிடிஆர்5-ல் கூடுதல் ரேம் வேண்டுமென்றால் இருக்கும் ஸ்டிக்குகளை விற்றுவிட்டு, பெரிய 2 ஸ்டிக் கிட் வாங்குவதே புத்திசாலித்தனம். விற்க மனமில்லை என்றால் எக்ஸ்போவை அணைத்து, கையால் 4000 பக்கம் வைத்து அங்கிருந்து மேலே ஏறுங்கள்.

## நீலத் திரை இல்லை, ஃபைல்கள்தான் கெடுகின்றன

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் மெஷின் சாதாரணமாக ஓடுவதுபோலவே இருக்கும். இறக்கிய செட்டப் கரப்ட் என்கிறது, ஃபோட்டோவில் பாதிக்குக் கீழே நிறம் மாறியிருக்கிறது, 7-ஜிப்பில் பிரிக்கும்போது ஒரு தடவை எரர், மறுதடவை சரி. ரேமின் அளவைவிடப் பெரிய ஒரு ஃபைலை எடுத்து 7-ஜிப்பின் ரைட் கிளிக் மெனுவில் எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) கணக்கிடுங்கள். மறுபடி கணக்கிடுங்கள். தொடாத ஃபைலுக்கு இரண்டு விடை வந்தால் மெஷின் பொய் சொல்கிறது.

உடனே பேக்கப்பையும் கிளவுட் சிங்க்கையும் நிறுத்துங்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் பேக்கப், ஏற்கெனவே இருக்கும் நல்ல பிரதியைக் கெட்ட பிரதியால் அழித்துவிடும். "டிடிஆர்5-ல்தான் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ளேயே இருக்கிறதே" என்று கேட்பவர்களுக்கு: அது சிப்புக்குள் விழும் ஒற்றைப் பிட்டை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் கெடுவதை அது பார்ப்பதில்லை, திருத்தியதை விண்டோஸுக்குச் சொல்வதும் இல்லை. சர்வரில் போடும் ஈசிசி ரேம் வேறு.

ரேமைச் சரிசெய்த பிறகுதான் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஓட்ட வேண்டும். முன்னால் ஓட்டினால் அது நல்ல ஃபைலையும் கெடுக்கும்.

## டெஸ்ட் எல்லாம் பாஸ், கிராஷ் மட்டும் நிற்கவில்லை

ரேமை விட்டுவிடுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் (ஹார்டுவேர் பிழைக் குறிப்பு) பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே வரிசையாகத் தெரியும் கர்னல்-பவர் 41 ஒன்றுக்கும் உதவாது, மெஷின் முறையாக அணையவில்லை என்று மட்டும் சொல்லும். டபிள்யூஎச்இஏ-வில் பிராசஸர் கோர் பெயர் வந்தால், ரைசனில் கர்வ் ஆப்டிமைசரில் (பிராசஸர் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் எண் ஏதாவது போட்டிருந்தால் பூஜ்யமாக்குங்கள். சும்மா இருக்கும்போது வரும் ரீஸ்டார்ட்டுகளுக்கு அது அடிக்கடி காரணம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் தாராளமாக இடம் இருக்கும்போதே கேம் "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று சொல்லி மூடிக்கொள்கிறதா? ரேம் கோளாறுபோலவே தெரியும் இது, பிராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் அது தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். 2024 ஆகஸ்ட் முதல் இதற்கான மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் குறியீடு) பயாஸ் அப்டேட்டாக வந்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அப்டேட் மீட்காது, மேலும் தேயாமல் தடுக்கும். இன்டெல் இந்தப் பிராசஸர்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டியது. பெட்டியோடு வாங்கியவர்களுக்கு மொத்தம் 5 ஆண்டு. பில்லில் தேதியைப் பாருங்கள்.